யாழ்ப்பாணப் பொது நூலகம்: வன்னியில் எங்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மே மாதக் கடைசி வந்தால் எங்கள் வாசிகசாலையில் ஒரே பேச்சுத்தான். பள்ளிக்கூடத்தில் பேச்சுப் போட்டி இருக்கும், அல்லது பத்திரிகையில், 1981 இல் எரிக்கப்பட்ட யாழ்ப்பாண நூலகத்தின் படம் வந்திருக்கும். பிள்ளைகள் கேட்பார்கள், கூட்டிவந்த தாய் தகப்பன்மார் அதற்கு மேல் கேட்பார்கள். கேள்விகள் பெரிதாக மாறுவதில்லை என்பதால் எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றியது. கேட்டவர்களின் வாய்மொழியை அப்படியே விட்டிருக்கிறேன்.

யாழ்ப்பாண நூலகம் எண்டா கோட்டைக்குக் கிட்ட இருக்கிற அந்த வெள்ளைக் கட்டடமோ? எப்பிடிப் போறது?

அதேதான். முற்றவெளி ஓரத்தில், துரையப்பா விளையாட்டரங்குக்கும் புல்லுக்குளத்துக்கும் அருகில் நிற்கும் குவிமாடம் வைத்த கட்டடம். பக்கத்தில் இந்தியா கட்டிக்கொடுத்த உயரமான கலாசார மையம் இருப்பதால் இப்போது தூரத்திலேயே அடையாளம் பிடிக்கலாம். கிளிநொச்சியிலிருந்து ஏ9 வீதியால் ஆனையிறவு தாண்டி பஸ்ஸில் போகலாம், ரயிலிலும் போகலாம். யாழ் பஸ் நிலையத்தில் இறங்கினால் நடை தூரம்.

நூலகம் மாநகரசபைக்குச் சொந்தமானது. இலங்கையில் பொது நூலகங்கள் உள்ளூராட்சிச் சபைகளின் பொறுப்பில்தான் இருக்கின்றன. பெரிய நகரத்தில் மாநகரசபை, சிறிய நகரத்தில் நகரசபை, எங்களுடையதைப் போன்ற இடங்களில் பிரதேச சபை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் ஒரு கேள்விக்குத் தேவைப்படும்.

தொடங்கினது ஆர்? வெள்ளைக்காரனோ?

இல்லை. நீதிமன்றத்தில் வேலை பார்த்த க. மு. செல்லப்பா என்பவர். 1933 இல் தன் வீட்டில் இருந்த புத்தகங்களை ஊராருக்கு இரவல் கொடுக்கத் தொடங்கினார். யாழ்ப்பாணத்துக்கு இலவசமான ஒரு தமிழ் நூல்நிலையம் வேண்டும் என்று அறிவித்தல் அச்சிட்டு ஆதரவும் கேட்டார். 1934 ஜூனில் மத்திய கல்லூரியில் கூட்டம் கூடியது. நீதிபதி சி. குமாரசுவாமி தலைவராகவும் செல்லப்பா செயலாளராகவும் ஒரு குழு அமைந்தது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 1 ஆம் தேதி ஆஸ்பத்திரி வீதியில் ஒரு வாடகை அறையில் 844 புத்தகங்களோடு நூலகம் திறந்தது. 1935 ஜனவரி 1 இல் நகரசபை அதைப் பொறுப்பேற்றது.

பேச்சுப் போட்டிக்குப் போகும் பிள்ளைகளிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்று. செல்லப்பாவின் பெயரை ஒரு தடவையாவது சொல்லுங்கள். எரிந்த கதையை மூச்சுவிடாமல் சொல்லும் பிள்ளைக்குக்கூட, தொடங்கிய மனிதரின் பெயர் தெரிவதில்லை. இது எனக்கு ஒரு மனக்குறை.

844 புத்தகத்தில இருந்து அவ்வளவு பெரிய கட்டடம் எப்பிடி வந்தது?

மெதுவாகத்தான் வந்தது. வாடகை அறை போதாமல் 1936 இல் நகர மண்டபத்துக்கு அருகே இடம் மாறினார்கள். அதுவும் போதவில்லை. 1952 இல் மேயர் சாம் சபாபதி ஊர்ப் பெரியவர்களைக் கூட்டிப் புதுக் கட்டடத்துக்குத் திட்டம் போட்டார். அரசாங்கம் மொத்தமாகக் கொட்டிக் கொடுத்த காசில்லை அது. களியாட்ட விழா வைத்தார்கள், லொத்தர் சீட்டு விற்றார்கள், நன்கொடை கேட்டு வீடு வீடாகவும் போனார்கள்.

நூலகம் எப்படி இயங்க வேண்டும் என்பதற்கு ஆலோசனை சொன்னவர் எஸ். ஆர். ரங்கநாதன். சீர்காழியில் பிறந்தவர், நூலகத் துறைக்கு ஐந்து விதிகளை வகுத்தவர். உலகத்து நூலகர்கள் இன்றைக்கும் அவற்றைப் படிக்கிறார்கள். கட்டடத்தை வரைந்தவர் சென்னையிலிருந்து வந்த நரசிம்மன். 1954 மார்ச் 29 இல் அடிக்கல் நாட்டினார்கள். 1959 அக்டோபர் 11 இல் மேயர் அல்பிரட் துரையப்பா திறந்துவைத்தார். வரைபடத்தில் இருந்த எல்லாப் பகுதியும் அன்று முடிந்திருக்கவில்லை. சிறுவர் பகுதி 1967 இல்தான் வந்தது.

முன்னுக்குச் சரஸ்வதி. அங்க ஒரு பாதரின்ர சிலையும் இருக்கே, அவர் ஆர்?

லோங் அடிகளார். அயர்லாந்திலிருந்து வந்த கத்தோலிக்கக் குரு, பத்திரிசியார் கல்லூரி அதிபராக இருந்தவர். மேலே சொன்ன 1950களின் முயற்சியில் முன்னுக்கு நின்றவர், அடிக்கல் நாட்டியவர்களில் ஒருவர். சரஸ்வதியும் ஒரு பாதிரியாரும் ஒரே வளவில் இருப்பதைப் பார்த்துப் பிள்ளைகள் ஆச்சரியப்படுகிறார்கள். அந்த நூலகத்துக்குப் பாடுபட்டவர்கள் யார் யார் என்று தெரிந்தால் ஆச்சரியம் இருக்காது.

எரிச்சது மே 31ஓ, ஜூன் 1ஓ? ரெண்டும் சொல்லினம்.

இரண்டுக்கும் காரணம் உண்டு. 1981 ஜூன் 4 இல் மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தல் நடக்க இருந்தது. மே 31, ஞாயிற்றுக்கிழமை, நாச்சிமார் கோவிலடியில் தமிழர் விடுதலைக் கூட்டணியின் கூட்டத்தில் காவலுக்கு நின்ற பொலிஸ்காரர்கள்மீது துப்பாக்கிச் சூடு நடந்து இருவர் இறந்தார்கள். அன்றிரவே எரிப்புத் தொடங்கிவிட்டது. கடைகள், கூட்டணியின் அலுவலகம், நாடாளுமன்ற உறுப்பினர் யோகேஸ்வரனின் வீடு, ‘ஈழநாடு’ பத்திரிகை அலுவலகம் என்று அந்த நாட்களில் எரிந்தவை பல. நூலகம் எரிந்தது ஜூன் 1 இரவு. போட்டியில் ‘மே 31 இரவு தொடங்கிய வன்முறையில், ஜூன் 1 இரவு நூலகம் எரிக்கப்பட்டது’ என்று சொல்லுங்கள். நடுவர் எந்தத் திகதியை வைத்திருந்தாலும் பிழை பிடிக்க முடியாது.

ஆர் எரிச்சது? ஆரையாவது பிடிச்சவையோ?

தேர்தல் பாதுகாப்பு என்று தெற்கிலிருந்து கொண்டுவரப்பட்டிருந்த பொலிஸாரும் அவர்களோடு சேர்ந்தவர்களும் எரித்தார்கள் என்பது நேரில் கண்டவர்கள் சொன்னது. சிறில் மத்தியூ, காமினி திசாநாயக்க என்ற இரண்டு அமைச்சர்கள் அப்போது யாழ்ப்பாணத்தில் நின்றார்கள். தண்டனை பெற்றவர் ஒருவரும் இல்லை. 35 வருடம் கழித்து, 2016 இல், பிரதமராக இருந்த ரணில் விக்கிரமசிங்க நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார்.

97,000 புத்தகமும் போட்டுதோ? திரும்ப வாங்கேலாதோ?

97,000 என்பதுதான் பெரும்பாலும் சொல்லப்படும் எண்ணிக்கை. 95,000 என்று எழுதுபவர்களும் உண்டு. இந்த எண்ணிக்கைச் சண்டையில் எனக்கு அவ்வளவு அக்கறை இல்லை. அதில் பெரும் பகுதி கடையில் திரும்ப வாங்கக்கூடிய புத்தகங்களாகத்தான் இருந்திருக்கும். பாடப்புத்தகம், நாவல், ஆங்கில அகராதி எல்லாம் திரும்ப வரும், வந்தும் இருக்கிறது.

வராதது வேறு. ஆனந்த குமாரசுவாமி, ஐசக் தம்பையா போன்றவர்கள் சேர்த்துவைத்திருந்த நூல்கள் அங்கே தனித் தொகுதிகளாக இருந்தன. ஒரு மனிதர் வாழ்நாள் முழுக்கத் தேடிச் சேர்த்ததைக் காசு கொடுத்துத் திரும்ப உருவாக்க முடியாது. ஏட்டுச் சுவடிகளும் அப்படித்தான். ஒவ்வொரு ஏடும் ஒருவர் கையால் எழுதியது, பக்கத்து வீட்டில் இருக்கும் அதே நூலின் ஏட்டில்கூட வேறு பாடம் இருக்கும். பழைய பத்திரிகைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நேற்றைய பேப்பரை யாரும் வைத்திருப்பதில்லை, நூலகம் மட்டும்தான் வைத்திருக்கும். அது எரிந்தால் அந்தக் காலத்துச் சந்தை விலையும் மரண அறிவித்தலும் ஊர்ச் சண்டையும் சேர்ந்தே போய்விடும்.

அன்றைக்கு நூலகராக இருந்தவர் ரூபவதி நடராஜா. மாநகர ஆணையாளராக இருந்தவர் சி. வீ. கே. சிவஞானம். சாம்பலைக் கூட்டி அள்ளி, மறுபடி எங்கே தொடங்குவது என்று யோசிக்க வேண்டிய பொறுப்பு இவர்களைப் போன்றவர்களின் தலையில்தான் விழுந்தது.

யாழ்ப்பாண வைபவமாலையின்ர ஒரேயொரு பிரதி அங்க எரிஞ்சு போச்சாம். உண்மையோ?

இது எல்லா இடத்திலும் எழுதப்பட்டிருக்கிறது, ஆங்கிலத்தில் இன்னும் கூட. ஆனால் நூல் அழியவில்லை. ஒல்லாந்தர் காலத்தில் மயில்வாகனப் புலவர் எழுதிய அந்த யாழ்ப்பாண வரலாற்று நூலை 1879 இலேயே பிறிற்றோ என்பவர் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்டுவிட்டார். தமிழிலும் பல தடவை அச்சாகியிருக்கிறது. இன்றைக்கும் வாங்கிப் படிக்கலாம். எரிந்திருந்தால் எரிந்தது ஒரு சுவடி, நூல் அல்ல.

‘இப்படிச் சொன்னால் எரித்தது சின்ன விஷயம் மாதிரி ஆகிவிடாதா’ என்று ஓர் ஆசிரியர் கேட்டார். ஆகாது. முந்தின பதிலில் சொன்ன இழப்பே போதும், அதைப் பெரிதாக்க இல்லாததைச் சேர்க்கத் தேவையில்லை. பிழையான ஒன்றைச் சேர்த்தால், அதை மட்டும் பிடித்துக்கொண்டு மற்றதையும் பொய் என்று சொல்ல ஆள் வரும்.

எரியிறதைப் பாத்தே ஒரு பாதர் செத்தவராம். அவர்தான் லோங் அடிகளாரோ?

இரண்டு பேரையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். இறந்தவர் தாவீது அடிகள். பல மொழிகள் படித்தவர், தமிழ்ச் சொற்களின் வேர்களை ஆராய்ந்தவர். தீயைப் பார்த்த அதிர்ச்சியில் அவர் உயிர் பிரிந்தது. லோங் அடிகளார் அதற்கு இருபது வருடம் முந்தி, 1961 இல் காலமாகிவிட்டார்.

இப்ப நிக்கிறது பழைய கட்டடமோ, புதுசோ?

இரண்டும் கலந்தது என்று சொல்லலாம். 1981 க்குப் பிறகு காசு சேர்த்துத் திருத்தி, 1984 ஜூனில் ஒரு பகுதியைத் திறந்தார்கள். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். 1985 மேயில் நடந்த மோதலை அடுத்து அது மறுபடி நாசமானது. கோட்டைக்கு முன்னால் இருப்பதால் பின்னர் அந்த இடமே போர்முனையாகிவிட்டது. சன்னம் பட்டுச் சல்லடையான சுவர்கள்தான் மிஞ்சின.

1990களின் கடைசியில் சந்திரிகா அரசாங்கம் ‘புத்தகமும் செங்கல்லும்’ என்று நாடு முழுக்கச் சேகரிப்பு நடத்தி, 1998 இல் வேலை தொடங்கி, 2001 அளவில் கட்டடத்தை முடித்தது. வெளித்தோற்றம் நரசிம்மன் வரைந்ததைப் போலவே இருக்கிறது. எரிந்த சுவரை அப்படியே நினைவாக விட்டிருக்க வேண்டும் என்று அப்போது வாதிட்டவர்கள் பலர். வெள்ளையடித்து மறைக்கிறார்கள் என்பது அவர்களின் கோபம். எனக்கும் அந்தக் கோபம் விளங்குகிறது. ஆனால் படிக்கிற பிள்ளைக்கு மேசையும் மின்விசிறியும் வேண்டும். நினைவுக்கு ஒரு மூலையை விட்டிருந்தால் போதும் என்பது என் எண்ணம்.

கட்டி முடிச்சும் ஏன் உடன திறக்கேல்லை?

2003 பெப்ரவரி 14 இல் திறப்பதற்கு நாள் குறித்தார்கள். விடுதலைப் புலிகள் எதிர்த்தார்கள், திறப்பு நின்றது, மாநகரசபை உறுப்பினர்கள் பதவி விலகினார்கள். ‘நினைவை அழிக்கிறார்கள், வேலை இன்னும் முடியவில்லை’ என்பது எதிர்த்தவர்கள் சொன்ன காரணம். அப்போதைய மேயர் செல்லன் கந்தையன் ஒடுக்கப்பட்ட சமூகத்திலிருந்து வந்தவர். அவர் கையால் திறக்கப்படுவதைப் பொறுக்க முடியாத சாதிப் புத்திதான் உள்ளே இருந்தது என்று வேறு பலர் எழுதினார்கள். பேச்சுப் போட்டிக்கு இது வேண்டாம் என்று சில ஆசிரியர்கள் சொல்கிறார்கள். நூலகத்தின் மனிதர்களைப் பற்றிப் பேசப் போனால் இதை எப்படி விடுவது? விழா எதுவும் இல்லாமல் பிறகு வாசகர்களுக்குத் திறந்துவிட்டார்கள்.

அது யாழ்ப்பாண ஆக்களின்ர நூலகம். வன்னியில இருக்கிற எங்களுக்கு என்ன?

கொஞ்சம் குத்தலாகவே கேட்கப்படும் கேள்வி. கேட்பவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ‘யாழ்ப்பாணத்தார்’ என்ற சொல்லுக்குப் பின்னால் இங்கே பழைய மனத்தாங்கல்கள் இருக்கின்றன.

ஆனால் 1981 இல் கிளிநொச்சி தனி மாவட்டம் இல்லை. 1984 இல்தான் யாழ் மாவட்டத்திலிருந்து பிரிந்தது. மேலே சொன்ன ஜூன் 4 தேர்தலில் கிளிநொச்சிக்காரரும் அதே யாழ்ப்பாணச் சபைக்குத்தான் வாக்களிக்க இருந்தார்கள். நாடாளுமன்றத் தேர்தலில் இன்றும் யாழ் தேர்தல் மாவட்டத்துக்குள்தான் இருக்கிறோம். இரணைமடுத் தண்ணீரை நம்பி வந்து குடியேறிய குடும்பங்களில் எத்தனையோ தீவுப்பகுதியிலும் வலிகாமத்திலும் வடமராட்சியிலும் வேர் கொண்டவை. இங்கிருந்து மேற்படிப்புக்குப் போன பிள்ளைகள் உட்கார்ந்து படித்ததும் அந்த மேசைகளில்தான்.

முல்லைத்தீவு, வவுனியாக்காரர் ‘எங்கட மாவட்டம் அப்பவே வேற’ என்பார்கள். சரிதான். அவர்களுக்கு வேறு கணக்கு. அடங்காப்பற்றின், அதாவது பழைய வன்னியின், வரலாற்றை எழுதப் புகுந்தவர்கள் தேடிப்போகக் கூடிய பழைய நூல்களும் பத்திரிகைகளும் கச்சேரி என்ற மாவட்ட நிர்வாக அலுவலகத்தின் குறிப்புகளை வைத்து எழுதப்பட்டவையும் ஒரு கூரையின் கீழ் இருந்த இடம் வடக்கில் அதுதான். ஜே. பி. லூயிஸ் 1895 இல் எழுதிய வன்னிக் கைநூல் போல அச்சில் வந்தவை வேறிடத்தில் கிடைக்கும். அச்சேறாதவைக்கு வழியில்லை.

வன்னியில அப்பிடி ஒண்டு ஏன் இல்லை?

முதல் பதிலுக்குத் திரும்புங்கள். நூலகம் உள்ளூராட்சிச் சபையின் வருமானத்தில் ஓடுவது. நகரத்துச் சபைக்குக் கடைவரி, சந்தைக் குத்தகை என்று காசு வரும். வயலும் காடுமாக இருக்கும் பிரதேச சபைக்கு அது குறைவு. அதோடு எங்கள் ஊர்கள் பரந்தவை. ஒரு பெரிய நூலகம் கட்டினாலும் அக்கராயனிலிருந்து ஒரு பிள்ளை சைக்கிளில் வந்து திரும்புவதற்குள் இருட்டிவிடும். அதனால்தான் இங்கே சனசமூக நிலையமும் ஊர் வாசிகசாலையும் வேரூன்றின. ஒரு மேசை, இரண்டு வாங்கு, அன்றைய பேப்பர், ஓர் அலுமாரிப் புத்தகம். செல்லப்பா தொடங்கியபோது அவரிடம் இருந்ததும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

எங்கட புத்தகங்களும் துலைஞ்சதுதானே. அதை ஏன் ஒருத்தரும் கதைக்கிறேல்லை?

எனக்கு மிகவும் கஷ்டமான கேள்வி இது. 1995 அக்டோபர் கடைசியில் வலிகாமம் முழுக்க இடம்பெயர்ந்தபோது வன்னிக்கு வந்தவர்கள் சிலர் புத்தகமும் கொண்டுவந்தார்கள். 1996 இல் கிளிநொச்சி இடம்பெயர்ந்தது. பிறகு 2008, 2009. ஒவ்வொரு தடவையும் உழவு இயந்திரப் பெட்டியில் முதலில் ஏறியது அரிசி, அடுத்தது காணி உறுதியும் பிறப்புச் சான்றிதழும். புத்தகம் பாரம். விறாந்தையில் விட்டுவிட்டுப் போனார்கள், சிலர் பொலித்தீனில் சுற்றிப் புதைத்தார்கள். திரும்பி வந்தபோது வீட்டையே காணவில்லை. பாடசாலைகளின் சம்பவத்திரட்டுப் புத்தகம், வரவு இடாப்பு, கோவில் கணக்குக் கொப்பி, வாசிகசாலை இரவல் பதிவேடு எல்லாம் அதோடு போயின.

கதைக்காததற்குக் காரணம், ஆட்கள் போன இடத்தில் புத்தகத்தைப் பற்றிக் கதைக்க வெட்கப்பட்டார்கள் என்பது ஒன்று. மற்றது, பட்டியல் இல்லை. யாழ் நூலகத்தில் என்ன இருந்தது என்று சொல்ல நூலகர்களும் ஆய்வாளர்களும் இருந்தார்கள். முல்லைத்தீவுக் கடற்கரைக் கிராமத்து வாசிகசாலை அலுமாரியில் என்ன இருந்தது என்று எழுத ஒருவரும் இருக்கவில்லை. இப்போதும் காலம் போய்விடவில்லை. அந்த அலுமாரியில் நீங்கள் படித்த புத்தகங்களின் பெயர் நினைவிருந்தால், வாசிகசாலையில் வைத்திருக்கும் கொப்பியில் ஊர்ப் பெயரோடு எழுதுங்கள். அரைகுறைப் பெயரானாலும் பரவாயில்லை.

இப்ப எல்லாம் போனில கிடக்குது. பிறகேன் நூலகம்?

எல்லாம் கிடக்கவில்லை, யாரோ ஏற்றியது மட்டும்தான் கிடக்கிறது. இலங்கைத் தமிழ் நூல்களுக்கு ‘நூலகம்’ என்ற பெயரிலேயே ஓர் இணைய நூலகம் 2005 இல் தொடங்கியது. தன்னார்வலர்கள் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து, யாரும் இலவசமாகப் படிக்கும்படி வைத்திருக்கிறார்கள். நூலகர் என். செல்வராஜா ‘நூல்தேட்டம்’ என்ற வரிசையில் ஈழத்தவர்களின் நூல்களைத் தொகுதிக்கு ஆயிரம் என்று பட்டியலிட்டு வருகிறார். உங்கள் அப்புவின் பெயரில் ஒரு புத்தகம் வந்ததாகக் கதை இருந்தால் முதலில் இந்த இரண்டிலும் தேடுங்கள். இல்லாவிட்டால் அது இன்னும் ஏதோ ஒரு வீட்டு றங்குப் பெட்டிக்குள்தான் இருக்கிறது, கறையான் விட்டுவைத்திருந்தால்.

எங்கட வீட்டில ஒரு பழைய ஏட்டுக் கட்டும் கோவில் மலரும் இருக்கு. என்ன செய்யிறது?

ஏடு என்றால் முதலில் கட்டைப் பலமாக இழுத்துப் பிரிக்காதீர்கள். காய்ந்த ஓலை முறியும். தண்ணீர் போட்டுத் துடைக்க வேண்டாம், வெயிலில் காயவைக்க வேண்டாம், லெமினேற் செய்யவே வேண்டாம். மெல்லிய தூரிகையால் தூசியைத் தட்டி, பருத்தித் துணியில் சுற்றி, காற்றோட்டமான உயரமான இடத்தில் வையுங்கள். பொலித்தீன் பை ஈரத்தை உள்ளே பிடித்துவைக்கும். புல்லெண்ணெய் பூசுவதும் எழுத்துத் தெரியக் கரி பூசுவதும் பழக்கப்பட்டவர் செய்ய வேண்டியவை.

கோவில் மலர், பள்ளிக்கூட ஆண்டுமலர், ‘கல்வெட்டு’ என்று அந்தியேட்டிக்கு, அதாவது இறந்தவருக்குச் செய்யும் கிரியைக்கு, அச்சடித்த சிறு புத்தகம், இவை எதையும் சின்னது என்று எறியாதீர்கள். ஊரின் குடும்பப் பெயர்களும் குளத்தின் பழைய பெயரும் அவற்றில்தான் இருக்கும். பகல் வெளிச்சத்தில் போனிலேயே பக்கம் பக்கமாகப் படம் எடுக்கலாம். அட்டையையும், அச்சகத்தின் பெயரும் ஆண்டும் உள்ள பக்கத்தையும் விட்டுவிடாதீர்கள். எடுக்கத் தெரியாவிட்டால் வாசிகசாலைக்குக் கொண்டுவாருங்கள். அசலைத் தந்துவிட்டுப் போக வேண்டியதில்லை, படம் எடுத்ததும் கையோடு திருப்பிக் கொண்டுபோகலாம்.